மறைவிடத் தேய்மானம்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு எஃப்-1 பிக்கப் வண்டியின் முன்சக்கரங்கள், முன்அச்சின் இருமுனைகளிலும் நிற்கும் ‘கிங் பின்’ எனும் எஃகு முளைகளைப் பற்றியே திரும்புகின்றன. அவற்றைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள் கிரீஸின்றித் தேய்ந்தால் சக்கரம் ஆடும். ஸ்டியரிங் பெட்டியை இறுக்கிக் கைக்குத் தெரியும் ஆட்டத்தை ஓரளவு மறைக்கலாம். தேய்மானமோ அப்படியே இருக்கும். பொறுப்புள்ளவர் பழைய முளையை அகற்றிப் புதிய புஷ்களைப் பொருத்தி, ஆட்டமும் இறுக்கமும் இராதவாறு துளையை ரீமரால் சீர்செய்வார்.

எவர் கண்ணுக்கும் புலப்படாத இவ்வுழைப்பு எதற்காக? எதிரே வருபவர் நம் வண்டியைச் சோதிப்பதில்லை. நம்மை நம்பியே சாலையில் நடக்கிறார். கேளாமலே தந்த அந்நம்பிக்கைக்கு நாம் கடனாளிகள். அக்கடனை, அவர் அறியாத இடத்தில்தானே நாம் தீர்க்க வேண்டியிருக்கிறது?