பாலித் தீவில் ஓய்வும் நோன்பும்

பாலித் தீவின் இந்து சமய மரபு, உடல்நலத்தை ஒருவரின் உடம்போடு முடிந்துபோகும் காரியமாகக் கருதுவதில்லை. தெய்வத்தோடும் ஊராரோடும் நிலத்தோடும் உள்ள உறவு சீராக இருந்தால் உடம்பும் சீராக இருக்கும். அந்த உறவில் எங்காவது பிசகினால் அது நோயாகவோ மனக்கலக்கமாகவோ வெளிப்படும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. இந்தத் தீவுக்கு 2024இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தனர். தீவின் மக்கள்தொகையே ஏறக்குறைய 44 லட்சம்தான். வருகிறவர்களில் பலர் தேடுவது அவசரமில்லாத சில நாள்கள், வயல்வெளி, ஊற்றுநீர், யோகம், மூலிகைப் பூச்சு, கொஞ்சம் மௌனம். இப்படியொரு பயணத்தைத் திட்டமிடும்போதே ஒரு சமயக் கேள்வியும் எழுந்துவிடுகிறது. ஓர் ஊர் முழுதும் சேர்ந்து காக்கும் ஓய்விலும் தூய்மையிலும், அந்த ஊரின் கடமைகள் எதையும் சுமக்காத ஒருவர் பங்கு கேட்க முடியுமா?

பாலியில் இன்று எங்கும் கேட்கும் தொடர் 'த்ரி ஹித கரணா'. நல்வாழ்வுக்கான மூன்று காரணங்கள் என்பது அதன் பொருள். தெய்வத்தோடு இசைவு, மனிதரோடு இசைவு, சுற்றுப்புறத்தோடு இசைவு ஆகியவையே அந்த மூன்று. இந்தத் தொடர் பரவலானது 1960களில்தான். அது சுட்டும் நடைமுறை மிகப் பழையது. விடுதிகளும் சுற்றுலாத் துறையும் இதை விளம்பர வாசகமாக்கிவிட்டன. விடுதிகளுக்கு இந்தப் பெயரில் விருதும் வழங்கப்படுகிறது. ஆயினும் வீட்டு வாசலில் இது வாழ்க்கையாகவே இருக்கிறது. காலையில் பெண்கள் இளம் ஓலையில் பின்னிய சிறு தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்து, மேலே கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை எனத் திசை பார்த்து அடுக்குகிறார்கள். ஈசுவரன், பிரம்மா, மகாதேவர், விஷ்ணு ஆகியோருக்கு உரிய திசைகள் அவை. 'சனாங் சாரி' எனப்படும் இந்தப் படையலைச் சன்னதியில் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, தீர்த்தம் தெளிப்பார்கள். பூத காலர்கள் என்னும் கீழுலகச் சக்திகளுக்கு உரிய சோற்றுப் படையல் தனியே தரையில் வைக்கப்படும். மேலுலகுக்கு மட்டும் படைத்துக் கீழே இருப்பவற்றை மறந்தால் சமநிலை குலையும் என்பது கணக்கு.

மருத்துவமும் இதே கணக்கில்தான் நடக்கிறது. 'பாலியன்' எனப்படும் நாட்டு வைத்தியர்களில் ஒரு சாரார் 'உசதா' என்னும் சுவடிகளைப் படித்துத் தேர்ந்தவர்கள்; அந்தச் சுவடிகள் பனையோலையில் எழுதப்பட்டவை. அவர்கள் பச்சிலையும் தைலமும் கொடுப்பதோடு, விட்டுப்போன சடங்கு ஏதும் உண்டா, முன்னோருக்குச் செய்ய வேண்டியது பாக்கியா என்றும் விசாரிப்பதுண்டு. இஞ்சி, கிராம்பு, அரிசி முதலியவற்றை அரைத்துப் பூசும் 'போரே' வயலில் உழைத்து அலுத்தவர்களின் வீட்டு வைத்தியம். இன்று அது நலவாழ்வு நிலையங்களின் விலைப்பட்டியலில் இருக்கிறது. பூச்சு அதேதான். யாரிடம் என்ன பாக்கி என்ற விசாரணை மட்டும் அங்கே நடப்பதில்லை.

பாலியின் சமயத்துக்கு 'ஆகம தீர்த்தா', அதாவது தீர்த்தத்தின் சமயம் என்றொரு பழைய பெயர் உண்டு. தீர்த்தம் இல்லாமல் அங்கே எந்தச் சடங்கும் நிறைவடையாது. 'பெடண்டா' எனப்படும் சைவ அந்தணர் விடியலில் சூரிய சேவனம் செய்து, சூரியனாக விளங்கும் சிவனைத் தம் உடலில் எழுந்தருளச் செய்கிறார். அதன் வழியே எதிரே உள்ள நீர் தீர்த்தமாகிறது. சிவமாகி நின்றே சிவனைப் பூசிக்க வேண்டும் என்னும் ஆகம நெறியை அறிந்த தமிழ்ச் சைவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பாலியின் தத்துவச் சுவடிகளில் ஒன்றான விருஹஸ்பதி தத்துவம், சைவ சித்தாந்தக் கருத்துகளைப் பழைய ஜாவா மொழியில் விளக்கும் நூல். மெய்கண்டார் மரபிலிருந்து பிறந்ததாக அதைக் கொள்ள முடியாது. வடமொழி ஆகமங்கள் என்ற பொது ஊற்றிலிருந்து இரு மரபுகளும் தனித்தனியே நீர் மொண்டிருக்கின்றன.

தம்பாக்சிரிங் என்ற ஊரில் உள்ள தீர்த்த எம்புல் கோயில் 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிலத்தடியிலிருந்து ஊற்று கொப்பளித்துத் தெளிந்த குளமாகி, அங்கிருந்து கல்தாரைகள் வழியே நீராடும் தொட்டிகளில் விழுகிறது. பக்தர்கள் இடுப்பில் வேட்டியும் கச்சையும் கட்டி, முதலில் படையல் வைத்து வணங்கி, ஒரு தாரையிலிருந்து அடுத்த தாரைக்கு நகர்ந்து தலையை நீட்டுகிறார்கள். 'மெலுகட்' எனப்படும் இந்தத் தூய்மைச் சடங்கைக் காண்பதற்கும் அதில் கலந்துகொள்வதற்கும் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கிறார்கள். சில தாரைகள் இறந்தோர் சடங்குக்கு உரியவை. விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் தாண்டிச் செல்வார்கள், தெரியாதவர்கள் அவற்றின் கீழும் தலையை நீட்டுவார்கள். இந்த நீர் தொட்டியோடு நின்றுவிடுவதும் இல்லை. பகெரிசான் ஆற்றுப் படுகையில் இறங்கிப் பாலியின் மிகப் பழைய பாசன வயல்களுக்குப் போகிறது. ஒருவர் பாவம் போக்கிக் குளித்த நீரிலேயே மற்றொருவரின் நெல் விளைகிறது. புனிதமும் பாசனமும் ஒரே வாய்க்காலில் ஓடுவதால், தீர்த்தத்தை 'என் அனுபவம்' என்று மட்டும் பார்ப்பது தொடக்கத்திலேயே குறைபட்ட பார்வையாகிறது.

ஓய்வு ஏன் கூட்டுக் காரியம் என்பதைப் பாலியின் நெல்வயல்கள் எந்த நூலைவிடவும் தெளிவாகக் காட்டுகின்றன. 'சுபாக்' என்பது ஒரே நீர்மூலத்தைப் பகிரும் உழவர்களின் சங்கம். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் எப்போது நீர், எந்தப் பகுதி எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை நீர்க்கோயில்களை மையமாகக் கொண்ட இந்தச் சங்கங்கள் கூடி முடிவு செய்கின்றன. 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, ஆண்டு முழுதும் இடைவிடாமல் புதிய ரக நெல்லைப் பயிரிடும்படி உழவர்கள் வற்புறுத்தப்பட்டனர். கோயில் அட்டவணை குலைந்தது. நீர்த் தட்டுப்பாடு வந்தது. புகையான் பூச்சியும் எலியும் நோயும் பெருகின. மானிடவியலாளர் ஸ்டீபன் லேன்சிங் இதை ஆராய்ந்து, கணினி மாதிரியின் துணையோடு 1991இல் வெளியிட்ட நூலில் காரணத்தை விளக்கினார். பரந்த பரப்பில் எல்லா வயல்களும் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இல்லாமல் போகிறது. ஒரு வயல் மட்டும் ஓய்ந்தால் பயனில்லை, பக்கத்து வயலின் பூச்சி வந்துவிடும். அதற்காக எல்லாரும் ஒரே நாளில் நட்டாலோ நீர் போதாது. எத்தனை வயல்கள் சேர்ந்து ஓய வேண்டும், எத்தனை மாறி மாறி நீர் எடுக்க வேண்டும் என்ற நுட்பமான சமநிலையை உழவர்கள் கோயில் வழியே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, த்ரி ஹித கரணா தத்துவத்தின் வெளிப்பாடு என்றே அதைப் பதிவு செய்தது.

வயலுக்கு உள்ள இந்த விதி மனிதருக்கும் உண்டு என்பதை நியெபி என்னும் நாள் காட்டுகிறது. அது பாலியின் சக வருடப் பிறப்பு, பெரும்பாலும் மார்ச் மாத அமாவாசைக்கு மறுநாள் வரும். சில நாள் முன்பே கோயில் திருமேனிகளைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று தூய்மை செய்கிறார்கள். முந்தின நாள் பூதங்களுக்குப் பெரும் பலி. மாலையில் தீப்பந்தமும் தட்டுமுட்டுச் சத்தமுமாக அவற்றை விரட்டி, 'ஒகோ-ஒகோ' என்னும் பூத உருவங்களைத் தெருவில் தூக்கிச் சுழற்றுகிறார்கள். மறுநாள் காலை 6 மணி முதல் அடுத்த நாள் காலை 6 மணி வரை நான்கு நோன்புகள்: நெருப்போ விளக்கோ இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையம் மூடப்படும். 2018 முதல் கைபேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. 'பெச்சாலாங்' எனப்படும் ஊர்க்காவலர் தெருவில் நடந்து, எங்காவது வெளிச்சம் கசிந்தால் கதவைத் தட்டுகிறார்கள். மருத்துவமனைக்கும் அவசர நோயாளிக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இந்த மௌனத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. தீவு வெறுமையாக இருப்பதைக் கண்டு பூதங்கள் கடந்து போய்விடும் என்பது ஊர் வழக்கு. வெளிப்புலன்களை அடக்கி ஒருவர் தம்மைத் தாமே நோக்கும் தவநாள் என்பது, 1959இல் தொடங்கப்பட்ட பரிசாத என்னும் இந்து சமய அமைப்பு போன்றவை வளர்த்த விளக்கம். நகரத்துப் படிப்பாளி இரண்டாவதை விரும்பி முதலாவதை மூடநம்பிக்கை என ஒதுக்கக்கூடும். அது அவசர முடிவு. தன்னை நோக்கும் தவத்தை எவரும் எந்த நாளிலும் தனியே செய்யலாம். ஒரே ஒரு விளக்கு எரிந்தாலும் தீவு வெறுமையாகத் தோன்றாது என்ற முதல் விளக்கமே ஒவ்வொரு வீட்டையும் அடுத்த வீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது.

வெளியூர்க்காரரும் அன்று விடுதியை விட்டு வெளியேறக் கூடாது. ஆனால் விடுதிக்குள் திரையை இழுத்துவிட்டு விளக்கெரிக்கலாம், உணவு கிடைக்கும். மௌன நாளுக்கென்றே தனித் தொகுப்புகளும் விற்கப்படுகின்றன. இங்கேதான் தொடக்கத்தில் எழுந்த கேள்வி கூர்மையாகிறது. 40 லட்சம் பேர் அடுப்பணைத்துத் தந்த மௌனத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கியதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு தவறு. அவர் வாங்கியது அறையை மட்டுமே. மௌனம் ஊரார் இட்ட கொடை.

கொடையை ஏற்கும் தகுதி விருந்தினருக்கு உண்டா என்பதற்குப் பாலியின் சாத்திரத்திலேயே விடை இருக்கிறது. ஒரு வேள்வி சாத்துவிகமாக அமைய நம்பிக்கை, பற்றின்றிக் கொடுத்தல், சாத்திர நெறி, தட்சணை, மந்திரம், விருந்தோம்பல், பகட்டின்மை ஆகிய ஏழும் வேண்டும் என்று அங்கே கற்பிக்கப்படுகிறது. விருந்தோம்பல் வேள்வியின் உறுப்பாகவே இருப்பதால் வெளியூர்க்காரருக்கும் அதில் இடம் உண்டு. அவர் மதம் மாற வேண்டியதில்லை. அதே பட்டியலில் பகட்டின்மையும் இருப்பதால், தீர்த்தத் தொட்டியில் நின்று படத்துக்காகக் கைகூப்புவதற்கு அங்கே இடமில்லை. விருந்தினர் பங்கு பெறும் வழி, விருந்தளிப்பவர் ஏற்றிருக்கும் கட்டுப்பாட்டைத் தாமும் ஏற்பதுதான்.

பயணத் திட்டமும் இதிலிருந்தே உருவாக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நியெபி வருவதோ மழைக்காலத்தின் கடைசியில். வயலும் மலையும் நாடுவோர் நெரிசல் மிகுந்த உபுத்தை விட்டு, கிழக்கே அகுங் மலைச் சரிவின் சிடெமென், வடக்கே காப்பியும் கிராம்பும் விளையும் முண்டுக், சிவப்பு நெல்லுக்குப் பேர்போன ஜதிலுவி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அங்கேயே தங்குவது நல்லது. நாளுக்கொரு ஊர் மாறினால் மெதுவான பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 210 நாள் சுழலும் பவுகோன் பஞ்சாங்கத்தில் கலுங்கான் பண்டிகைக்கு 25 நாள் முன் தும்பெக் உடு வரும். அன்று கனிமரங்களுக்குக் கூழ் படைத்து, பண்டிகை வருகிறது, நிறையக் காய்க்க வேண்டும் என்று மரத்தைத் தட்டிச் சொல்கிறார்கள். இயற்கையோடு உறவாட வருகிறவர் பார்க்க வேண்டிய நாள் அது. எந்த நலவாழ்வுத் தொகுப்பிலும் அதைக் காண்பது அரிது.

மெலுகட்டில் கலந்துகொள்ள விரும்புவோர் உள்ளூர்க்காரர் ஒருவரின் துணையோடு, முறையான படையலோடு போக வேண்டும். மாதவிலக்கும் குடும்பத்தில் அண்மையில் நேர்ந்த இறப்பும் அங்கே தீட்டு. அந்த நாள்களில் கோயிலுக்குள் நுழைவதில்லை. இவ்விதியோடு உடன்படாதவர் கோயிலைத் தவிர்க்கலாம், ஏமாற்றி நுழையக் கூடாது. 2023இல் மாகாண ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கை கோயில் ஒழுக்கத்தைப் பற்றி வெளிநாட்டவருக்கு எழுத்திலேயே அறிவுறுத்தியது. பண்பாட்டையும் சூழலையும் காக்க 2024 பிப்ரவரி 14 முதல் ஒவ்வொரு வெளிநாட்டவரிடமும் 150,000 ரூபியா பெறப்படுகிறது.

தங்குமிடத்தைத் தேர்வதுதான் இதிலெல்லாம் கனமான முடிவு. வயல் காட்சிக்காகவே வயலில் கட்டப்படும் வில்லா அந்த வயலை அழிக்கிறது. வாய்க்கால் அறுபடும்போது கீழே உள்ள சுபாக்கும் பாதிக்கப்படும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நீச்சல் குளம் என்று உறிஞ்சப்படும் நிலத்தடி நீர் நெடுநாளாகவே தீவின் கவலை. அந்தக் குளத்தருகே உட்கார்ந்து செய்யும் தியானம், எவ்வளவு ஆழ்ந்ததாக இருந்தாலும், மூன்று இசைவுகளில் மூன்றாவதை முறித்துவிட்டே தொடங்குகிறது. ஊருக்குள் உள்ளவர் தம் வீட்டு வளவில் விடும் அறை, பக்கத்து வயலின் அரிசிச் சோறு, வரப்பில் எதிரே உழவர் வந்தால் ஒதுங்கி வழிவிடும் நடை ஆகியவற்றில் செலவும் குறைவு, பிழையும் குறைவு.

நியெபி 2024இல் மார்ச் 11, 2025இல் மார்ச் 29 என ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. பலர் அந்த நாளைத் தவிர்க்கவே தேதி பார்க்கிறார்கள். மெய்யாகவே மௌனத்தைத் தேடி வருகிறவர் அந்த நாளை உள்ளடக்கியே பயணச்சீட்டு எடுக்கட்டும். அறையில் திரைக்குப் பின்னே விளக்கெரிக்க அனுமதி இருந்தாலும் அன்று இரவு அதை அணைத்து வைக்கட்டும்.