மனசு பாடாதபோது வாய் பாடலாமா?



உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்லுவார்கள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிள்ளையைத் தூங்கவைக்கும்போது அது தானாக வாயில் வந்துவிடும். எனக்கு விடியற்காலையில் பழைய கீர்த்தனைகள். பெட்டியும் வேண்டாம், தாளமும் வேண்டாம், மெதுவாக முணுமுணுத்தாலே போதும். முன்பு கேசட்டில் கேட்டோம், இப்போது கைபேசியில் கேட்கிறோம். கருவி மாறினாலும், அன்றாட ஓட்டத்தில் ஒரு பாட்டு கொடுக்கிற பெலன் மாறவில்லை.

ஆனால் ஒரு கேள்வி உண்டு. வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "பாஸ்டர், எங்க அப்பாவுக்கு வேலை போயிருச்சு. வீட்டுல சிரிப்பே இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நான் கைதட்டி, மகிழ்ச்சியா இருக்கேன்னு பாடுறேன். இது மாய்மாலம் இல்லையா?"

நல்ல கேள்வி. இதை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. "விசுவாசத்தோட பாடு தம்பி, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவன் கேட்டது அது இல்லையே! உள்ளே இல்லாத ஒன்றை வெளியே பாடுவது பொய்யா என்றுதான் கேட்டான். உண்மையாய் நடக்க விரும்புகிறவனுக்குத்தான் இந்தக் கேள்வி வரும்.

முதலாவது, மாய்மாலம் எது என்று வேதத்தில் பார்ப்போம். பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று தேவனே சொன்ன ஒரு இடம் உண்டு (ஆமோஸ் 5:23). ஏன் சொன்னார்? அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அவர்கள் ஏழையை மிதித்தார்கள், பரிதானம் வாங்கினார்கள், நியாயத்தைப் புரட்டினார்கள். பிறகு வந்து இனிமையாய்ப் பாடினார்கள். துக்கத்தோடு பாடினவனை அங்கே அவர் கண்டிக்கவில்லை. சனிக்கிழமை தராசில் கைவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கைகளை உயர்த்துகிறவனையே கண்டிக்கிறார். மாய்மாலக்காரன் மனுஷர் பார்க்கும்படி பாடுகிறான். கலங்கின மனசோடு பாடுகிறவன், பாட்டில் உள்ள சத்தியம் தனக்கும் வேண்டுமென்று ஏங்கிப் பாடுகிறான். இந்த இரண்டும் ஒன்றாகுமா?

நம்முடைய ஊர்களில் பம்புசெட் வருவதற்கு முன்னே ஏற்றம் இறைத்தார்கள். மேலே ஏற்றமரத்தில் ஆள் நடக்க, கீழே ஒருவர் சால் பிடிக்க, பாட்டும் கூடவே போகும். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்குக்கும் பாட்டுத்தான். சேற்றில் குனிந்து நாற்று நடுகிற பெண்களும் பாடினார்கள். இடுப்பு வலி தீர்ந்தபிறகா பாடினார்கள்? வலியோடேதான் பாடினார்கள். அந்தப் பாட்டு வேலையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவர்களை யாராவது மாய்மாலக்காரர் என்று சொல்லுவோமா? பாட்டு சில நேரம் மனசுக்குப் பின்னால் வரும். சில நேரம் முன்னால் போய் மனசை இழுத்துக்கொண்டு வரும். 42-ம் சங்கீதத்தில் ஒருவன் தன் ஆத்துமாவைப் பார்த்தே, நீ ஏன் கலங்குகிறாய் என்று கேட்கிறான். கலக்கம் இருக்கும்போதே அதையும் பாட்டாக்கிவிட்டான்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். நம் ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியில் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார் (மத். 26:30). கொஞ்ச நேரத்துக்குள்ளே கெத்செமனேயில் அவருடைய ஆத்துமா மரணத்துக்கு ஏதுவான துக்கங்கொண்டது. அந்தப் பாட்டும் உண்மை, அந்தத் துக்கமும் உண்மை.

இரண்டாவது, துக்கத்தில் இருக்கிறவரை நாம் கட்டாயப்படுத்திப் பாடவைக்கலாமா? மனதுக்கமுள்ளவன் முன்னே பாட்டுப் பாடுவது, குளிர்காலத்தில் அவன் வஸ்திரத்தைக் களைவதற்குச் சமம் என்ற கருத்தில் சாலொமோன் எழுதியிருக்கிறார் (நீதி. 25:20). எவ்வளவு கடினமான வார்த்தை! ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "ஏன் வாய் மூடியிருக்கு? சத்துரு கட்டிவைத்திருக்கிறானா? சத்தமா பாடுங்க!" என்று மைக்கில் அதட்டுகிறோம். முந்தினநாள் பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த தாயும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாமே!

சங்கீத புஸ்தகத்தில் 88-ம் சங்கீதம் இருக்கிறது. மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரும். இதில் அப்படி ஒரு திருப்பமே இல்லை, துயரத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அதை நீக்கிவிடாமல் ஜனங்களின் பாட்டுப் புஸ்தகத்திலேயே தேவன் வைத்திருக்கிறார். பாட முடியாதவனுக்கும் சபையில் இடம் உண்டு என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது, பாட்டு ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தம் அல்ல. இங்கிலாந்து தேசத்தில் வில்லியம் கூப்பர் என்று ஒரு கவிஞர் இருந்தார் (1731–1800). ஓல்னி என்ற சிற்றூரில், ஒருகாலத்தில் அடிமைக் கப்பல் கேப்டனாய் இருந்து மனந்திரும்பிய போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து ஞானப்பாட்டுகள் எழுதினார். 1779-ல் அவை 348 பாட்டுகள் கொண்ட புஸ்தகமாக வெளிவந்தன. அதில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. தேவனுடைய வழிகள் நமக்கு விளங்காவிட்டாலும் அவரை நம்பலாம் என்று ஆறுதல் சொல்லுகிற பாட்டும் அவர் எழுதியதே. ஆனால் 1773-ல் அவருக்கு மனநோய் கடுமையாயிற்று. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பிடித்தது. மரிக்கும்வரை அது அவரை முழுவதும் விட்டு நீங்கவில்லை. அந்தக் கொடிய நாட்களில் நியூட்டன் அவரை ஓராண்டுக்கு மேல் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் கூப்பர் எழுதினது பொய்யா? இல்லை, பிரியமானவர்களே! அவரால் பிடித்துக்கொள்ள முடியாமற்போன ஆறுதலை அவர் பாட்டின் மூலமாய் எத்தனையோ பேர் பிடித்துக்கொண்டார்கள். இதில் நமக்கு ஒரு எச்சரிப்பும் உண்டு. மனசு உடைந்தவரைப் பார்த்து, விசுவாசக் குறைவு என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லாதிருப்போம். அது வியாதியாயும் இருக்கலாம். ஜெபம் பண்ணுவோம், டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போவோம், நியூட்டனைப்போலப் பக்கத்தில் இருப்போம்.

எங்கள் சபையில் ஒரு சகோதரி. கணவர் திடீரென்று இறந்துபோனார். அதற்குப்பின் மாதக்கணக்காக ஆராதனைக்கு வருவார், ஆனால் பாட்டு நேரத்தில் வாயே திறக்கமாட்டார். பின்வாங்கிவிட்டார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். ஒருநாள் அவரே சொன்னார்: "பாஸ்டர், எனக்குப் பாட வரல, தொண்டை அடைக்குது. நீங்கள்லாம் பாடுறதைக் கேட்கத்தான் வர்றேன். அந்தச் சத்தம் எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்குது."

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சபையாய்ப் பாடுவதன் அர்த்தம் எனக்கு வேறுவிதமாய்த் தெரிகிறது. வீட்டில் தனியாய்ப் பாடும்போது நம் பாரத்தை மட்டும் சுமக்கிறோம். கூடிப் பாடும்போது, பாட முடியாதவருடைய பங்கையும் நாம் பாடுகிறோம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்ற கட்டளையையும் (ரோமர் 12:15) அப்பொழுது நிறைவேற்றுகிறோம்.

ஆகவே, மனசு பாடாதபோது வாய் பாடலாமா? பாடலாம். "ஆண்டவரே, இந்த வரி இன்னும் என் உள்ளத்துக்கு வரவில்லை, வரப்பண்ணும்" என்று ஜெபமாய்ப் பாடுங்கள். அதுவும் முடியவில்லையா? கண்ணீரோடு சும்மா நில்லுங்கள், வெட்கப்படவேண்டாம். பாட்டு நடத்துகிற தம்பி தங்கைமாரே, அப்படி நிற்கிறவர்களை நிற்க விடுங்கள். சத்தத்தை வைத்து ஆவியை அளக்காதிருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வரிசையில் ஒருவர் வாய் திறக்காமல் நிற்கலாம். முறைத்துப் பார்க்காமல், அவருக்கும் சேர்த்துப் பாடுங்கள். நாளைக்கு உங்கள் தொண்டை அடைக்கிற நாள் வந்தால், அவர் உங்களுக்கும் சேர்த்துப் பாடுவார்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.