ஒன்பதாவது கேள்வி

மனநலப் பிரிவுகளில் புழங்கும் தாள் ஒன்று உண்டு. பி.எச்.கியூ-9 என்று பெயர். அமெரிக்காவில் 1999-இல் செய்தது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கடைசிக் கேள்விதான் விஷயம்: போன ரெண்டு வாரத்தில் செத்துப்போனா தேவலைன்னு தோணுச்சா?

கேட்பது தப்பில்லை. கேட்டால் இல்லாத நினைப்பு முளைத்துவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது. ஆனால் பதில் சொல்கிறவருக்குக் கேட்டவர் என்ன கடன்படுகிறார்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வரும் கூலிப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். "ஏம்மா, சாகணும்னு தோணுச்சா?" "இல்லீங்க." பூஜ்யம் போட்டாயிற்று. அந்த 'இல்லீங்க'வுக்குள் போலீஸ் கேஸ் பயம் இருக்கிறது. அட்மிட் பண்ணிட்டா கூலி போச்சே என்பதும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் பெருமளவு முடக்கியது. 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. இதை அவளிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

சரி, மெய்யே சொன்னாள் என்று வைப்போம். ஐம்பது வருடத்து ஆய்வுகள் 365-ஐ 2017-இல் சேர்த்துப் பார்த்தார்கள். யார் தற்கொலை செய்துகொள்வார் என்ற கணிப்பு, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

தாள் கேட்காததும் இருக்கிறது. சேலத்துப் பிள்ளை முத்துகிருஷ்ணன், ஜே.என்.யூ.வின் தலித் ஆய்வு மாணவர், 2017 மார்ச் 13 அன்று தில்லியில் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ், குடும்பம் ஒப்பவில்லை. எதனால் என்று ஒற்றை வரியில் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய கடைசி முகநூல் பதிவு தூக்கத்தையோ பசியையோ பற்றியதல்ல. ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றியது. தூக்கம், பசி, சோர்வு, கவனம் என்று உடம்புக்குள்ளேயே சுற்றுகிற தாளில் அதை எழுத எந்தக் கட்டம் இருக்கிறது? இழிவு வெளியே நடக்கிறது, மதிப்பெண் மட்டும் நம்ம தலைக்குள்ளேயா?

வேறு வழி நம்மூரிலேயே நடந்து பார்த்ததுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாட்டு ஆய்வில் சென்னையும் ஒரு களம். 2008-இல் முடிவு வந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இவர்களில் 0.2. மருந்தல்ல, மந்திரமல்ல, "எப்படிம்மா இருக்கே" என்று திரும்பத் திரும்பக் கேட்டதுதான்.

தோட்டத்து லைன் வீட்டுக்கு ஒன்பது தடவை மலையேற ஆள் போடுவதற்கு சர்க்காரைத்தான் கேட்க வேண்டும். அதுவரை 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.