சூதில் காட்டும் பொறுமை

போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்பிப்பவர்கள் சொல்லும் புத்திமதிகள், கேட்பதற்கு ஒரு நஸீஹத்தைப் போலவே இருக்கும். தோற்றால் ஆத்திரப்படாதே, ஜெயித்தால் தலைகால் தெரியாமல் ஆடாதே, குடும்பச் செலவுப் பணத்தைத் தொடாதே, இழக்கத் துணிந்த தொகையை முன்பே ஒதுக்கி வை, அது தீர்ந்ததும் எழுந்து போ. கோபத்தை அடக்குவதும் செலவுக்கு வரம்பு கட்டுவதும் நம் மார்க்கம் போற்றும் குணங்களல்லவா? அப்படியானால் நிதானமாகச் சூதாடுகிறவனிடம் ஓரளவேனும் ஸபுர் இருக்கிறதென்று சொல்லலாமா? வாலிபர்கள் கேட்கும் இக்கேள்விக்கு, முகம் சுளிக்காமல் பதில் சொல்வது நமது கடமை.

"விவசாயமும் வியாபாரமும் கூடச் சூதாட்டம்தானே?" என்று இன்னொரு வாதமும் இதனுடன் சேர்ந்தே வரும். கொல்லிமலையைப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். கொடி நட்டவன் பலன் காண மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை தவறலாம். வாடல் நோய் வரலாம். மிளகைப் பறித்துக் காயவைக்கும் வேளையில் விலை சரியலாம். நாளை நடப்பதை அறியாதவன்தான் அவனும். ஆனால் அந்த அபாயத்தை அவன் தேடிப் போகவில்லை, குறைக்கவே பாடுபடுகிறான். மிளகோடு காப்பி, பலா, வாழை, அன்னாசி, மரவள்ளி என்று பலவற்றையும் பயிரிடுகிறான். (மரவள்ளி பெருகியதால் சாமையும் தினையும் சுருங்கிப்போனது தனிக் கதை.) ஒன்று பொய்த்தால் மற்றொன்று சோறு போடும். நன்றாக விளைந்துவிட்டாலோ விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்கு மிளகு. யார் வீட்டு அடுப்பும் அணைவதில்லை.

சீட்டு மேசையில் ஒரு மணி தானியமும் விளையாது. அங்கே ஒருவன் அள்ளுவது மற்றவன் இழந்தது. இன்னும் சற்று உற்று நோக்கினால், நிதானமாக ஆடுகிறவனின் இலாபம் எங்கிருந்து வருகிறதென்பது புலப்படும். எதிரில் இருப்பவன் நிதானம் இழப்பதே அவனுக்கு வருமானம்! விட்டதைப் பிடிக்க வேண்டுமென்ற வெறியில் அவன் வீட்டுப் பணத்தையும் எடுத்து வைக்கும் நேரத்துக்காகவே இவன் அமைதியாகக் காத்திருக்கிறான். இது கொக்கின் பொறுமையன்றோ! மல்யுத்தத்தில் வீழ்த்துபவனன்று, கோபத்தில் தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அடுத்தவனின் கோபத்தை அறுவடை செய்பவனை அவர்கள் வீரன் என்று சொல்லவில்லை.

அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புக்குறி போட்டுப் பங்கு பிரித்து, வென்ற இறைச்சியை ஏழைகளுக்கே வழங்குவதுண்டு. அதில் சில பயன்கள் உண்டென்பதைத் திருமறையும் (2:219) மறுக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிதென்றே தீர்ப்பளித்தது. பசித்தவனுக்கு உணவளித்த சூதுக்கே அந்தத் தீர்ப்பென்றால், கைப்பேசியில் தனியே அமர்ந்து ஆடுவதைப் பற்றிக் கேட்க வேண்டுமா? பகைமையை மூட்டுவதையும் தொழுகையை விட்டுத் தடுப்பதையும் 5:91 காரணங்களாகக் கூறுகிறது. நள்ளிரவு வரை ஆடியவன் சுபுஹுக்கு எழுந்திருப்பானா என்பதை வீட்டுப் பெண்களே அறிவார்கள்.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நீதிமன்றங்களில் நடந்தது. தமிழக அரசின் தடைச் சட்டம் போக்கருக்கும் ரம்மிக்கும் பொருந்தாதென்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை என்ற பேதம் பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களையே தடுத்துச் சட்டம் இயற்றியது. நமக்கு இந்த வழக்கின் முடிவு வந்து ஹுக்மு தெரிய வேண்டியதில்லை. திறமைசாலி தோற்கடிப்பதும் ஒரு பிள்ளைக்குட்டிக்காரனைத்தானே!

பொருளை அல்லாஹு தஆலா நம் வாழ்க்கைக்கு ஆதாரமாக ஆக்கியிருப்பதாகத் திருமறை (4:5) கூறுகிறது. அதைக் காக்க விரும்புகிறவன் எந்த இடத்தில் தன்னை அடக்க வேண்டும்? "வா, சூதாடுவோம்" என்று தோழனை அழைத்தவன் தர்மம் செய்யட்டும் என்று புகாரியில் ஒரு ஹதீது வருகிறது. ஆட்டம் தொடங்கவே இல்லை. அழைத்த வார்த்தைக்கே இந்தப் பரிகாரம். எவ்வளவு தர்மம் செய்வது? சூதுக்கென்று எண்ணி வைத்த அதே தொகை என்பது இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்களின் கருத்து. இயன்றதைக் கொடுத்தால் போதும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் கருத்து.