இரண்டரைச் சாண் கைத்தடி

பென்னாகரத்திலிருந்து தெற்கே போனால் ஏரியூர். மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கி நிற்கிற பக்கம். வயசுப் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பல வீடுகளில் மிச்சமிருப்பது தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான்.

அப்படியொரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து குச்சி செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஊன்றுகோல். கையில் இருந்ததோ அதில் பாதி உயரம்கூட இல்லை.

“யாருக்குங்க இவ்வளவு சின்னத் தடி?”

“பேரனுக்கு. நாலு வயசு. என் தடியை எடுத்துட்டு ஓடிடறான். அவனுக்குன்னு ஒண்ணு இருந்தா எனக்கு என்னுது மிஞ்சும்!”

வெப்பாலைக் கிளை. காய்ந்தால் தந்தம் மாதிரி வெளுத்துவிடும் மரம். சன்னபட்டணத்து மரப் பொம்மைகளுக்குக் காலங்காலமாக உதவுவதும் இதுதான். பச்சையாக வெட்டிவந்து, நிழலில் உலர்த்தியிருக்கிறார். வெயிலில் போட்டால் வெடித்துவிடுமாம். கோணலை நெருப்பு அனலில் காட்டி நிமிர்த்தி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியிருந்தார். கைப்பிடியில் ஒரு கிளித்தலை.

நாரை உடம்பு முழுக்கச் சுற்றி, வைக்கோல் புகையில் காட்டி, பிறகு நாரைப் பிரித்தார். நார் மூடிய இடமெல்லாம் வெள்ளை, மூடாத இடமெல்லாம் கறுப்பு. பாம்புபோல வளைந்து ஏறியது பட்டை. கிளியின் மூக்குக்கு மட்டும் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்பு.

“கடையில பெயின்ட் கிடைக்குமே?”

“வாயில வச்சுக்குவானே. இது வெளுத்தா மறுபடி தடவிக்கலாம்.”

படிக்காதவர் சொன்னது விஷயமுள்ள பேச்சு. பெயின்ட்டில் இருக்கும் ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்ட்டில் அது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்.

கடைசியில் மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன். “மூணு நாள் வேலை. ஒரு வருஷத்துல பையன் வளர்ந்துடுவான், தடி சின்னதாயிடும். கொஞ்சம் நீளமா வெட்டியிருந்தா நாலு வருஷம் வருமே?”

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “நாலு வருஷம் கழிச்சு வர்ற பேரனுக்கா செய்யறேன்? இன்னிக்கி நிக்கிறானே, இவனுக்குங்க!”

நமக்கெல்லாம் இது உறைக்க வேண்டிய பதில். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் துணிக்கடைக்குப் போனால் நாம் என்ன சொல்கிறோம்? “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க.” மடித்துத் தைத்த கால்சட்டையில் கால் தடுக்கி நடந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! துணிக்கு அது தப்பில்லை. வருஷா வருஷம் வாங்க எல்லார் வீட்டிலும் காசு இருக்கிறதா என்ன? சிக்கனம் அது.

ஆனால் துணிக்குச் சொல்கிற நியாயத்தை மற்றதற்கெல்லாம் நீட்டிவிடுகிறோம். ஐந்து வயதுப் பெண்ணுக்கு டாக்டர் கோட்டு மாட்டிப் படம் எடுக்கிறோம். எட்டு வயதுப் பையனிடம் என்ஜினீயரிங் பேசுகிறோம். எல்லாம் நம் உயரத்துக்கு வெட்டிய தடிகள். குழந்தை அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அன்பாகத்தான் கொடுத்தோம்; யார் உயரத்தை அளந்து கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

சின்னக் குழந்தைக்குத் தடி எதற்கு என்று கேட்கலாம். அது ஊன்றுவதற்கு அல்ல. ஜூஹு கடற்கரையில் 1937-ல் எடுத்த அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காந்தியின் நீளத் தடி. ஒரு முனை தாத்தா கையில், மறு முனையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போகிறான் பேரன் கனு. முதியவருக்குத் தாங்குகோல், பிள்ளைக்கோ இழுத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு. காந்தியும் தடியை விடாமல் பின்னாலேயே போகிறார்.

நம்மூர் நடைவண்டியும் அப்படித்தான். குழந்தை தன் காலில் நிற்க வேண்டும், தானே தள்ள வேண்டும். உள்ளே உட்காரவைத்து உருட்டிவிடுகிற ‘வாக்கர்’ வேறு ரகம். அதில் நடக்கக் கற்றுக்கொள்வதும் விரைவாவதில்லை, படியில் உருண்டு அடிபடுவதும் அதிகம் என்று கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குழந்தையைச் சுமப்பது வேறு, கூட நிற்பது வேறு. பெற்றவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள்!

திண்ணைக்கு வருவோம். அடியில் சின்னதாக இரும்புப் பூண் அடித்து முடித்ததும் பெரியவர் குரல் கொடுத்தார். “சாமி, இங்க வா.” பேரன் ஓடி வந்தான். தடியை இடுப்போடு வைத்து அளந்து பார்த்தார் தாத்தா. இரண்டரைச் சாண், கச்சிதம். தாத்தாவைப் போலவே முதுகை வளைத்து, “ம்ஹூம்... ம்ஹூம்...” என்று இருமிக்கொண்டே வாசலில் நாலு நடை நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

அவ்வளவுதான். ஐந்தாவது நிமிஷம் தடியைத் தலைகீழாகப் பிடித்து, வேலியோரம் இருந்த எறும்புப் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். ‘டக்’ என்று ஒரு சத்தம். சிவப்பு மூக்கு முனையில் உடைந்து விழுந்தது.

எனக்கு நெஞ்சு பதைத்தது. மூன்று நாள் உழைப்பு! ஒரு அதட்டல் வரப்போகிறது என்று பெரியவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் மடியில் விழுந்திருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“இப்பத்தாங்க அது அவன் தடி ஆச்சு” என்றார்.