பின்வாங்க எந்த வீடு?

தாக்கப்படுகிறவர் திருப்பித் தாக்குவதற்கு முன் ஓடித் தப்பப் பார்த்திருக்க வேண்டுமா? ஆம் என்கின்றன அமெரிக்காவின் சில மாநிலங்கள். நம் நாட்டில் அந்தக் கடமை இல்லை. சட்டத்தை மதித்து வாழ்பவர் தாக்கப்படும்போது கோழையாகிவிட வேண்டியதில்லை என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வல்லுறவு நோக்கோடு தாக்குபவனைக் கொல்ல நேர்ந்தாலும் குற்றமில்லை என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. 2013இல் ஆசிட் வீச்சும் அதில் சேர்ந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு.

இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2012இல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவனை அடித்துக் கொன்ற பெண்ணையும், 2021இல் திருவள்ளூர் மாவட்டத்தில் வல்லுறவுக்கு முயன்றவனைக் கொன்ற இளம்பெண்ணையும் காவல்துறையே இந்தப் பிரிவைச் சுட்டி விடுவித்தது.

தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் என் மாணவிகளுக்கு இவ்வழக்குகள் பிடிக்கும். பிறகு ஒருத்தி கேட்பாள்: "தெனமும் அடி வாங்குறவங்க வீட்டவிட்டுப் போயிரலாம்லா மேடம்?" இன்னொருத்தி முந்திக்கொள்வாள்: "எங்க போக? அம்மா வீட்டுக்குப் போனா சாயங்கால பஸ்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

சட்டமும் அந்த முதல் கேள்வியைத்தான் மெல்லிய குரலில் கேட்கிறது. அரசின் பாதுகாப்பை நாட நேரமிருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்பது பழைய 99ஆம் பிரிவு, இன்றைய 37. தெருவில் வழிமறிப்பவன் விஷயத்தில் நியாயமான நிபந்தனைதான். பத்து வருடமாக அடிப்பவன் விஷயத்திலோ, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எப்போதும் நேரம் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போக நேரம், "அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பப்பட நேரம், புகார் கொடுத்ததற்கும் சேர்த்து அடிபட நேரம்.

ஓடும் கடமை உள்ள இடங்களிலும் சொந்த வீட்டில் இருப்பவர் ஓட வேண்டியதில்லை என்றொரு விலக்கு உண்டு. எதிரி வெளியிலிருந்துதான் வருவான் என்று நம்பியவர்கள் எழுதியது. அடிப்பவனும் அதே வீட்டுக்காரன் என்றால் அவள் ஓடத்தான் வேண்டும் என்று 1982இல் சொன்ன புளோரிடா உச்ச நீதிமன்றம், அதை மாற்றிக்கொள்ள 1999 ஆனது.

நம் நல்லதங்காள் ஓடிப் பார்த்தவள். பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள், மதினி விரட்டினாள், கிணறுதான் மிச்சம். பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாய் ஒருத்தியின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் இவள் பெயரையே எடுத்தாண்டு, நெடுநாள் கொடுமையும் ஆத்திரமூட்டலாகும் என்றது. பெரிய அடிதான் அது. ஆனாலும் ஆத்திரமூட்டல் என்ற வாதம் தண்டனையை மட்டுமே குறைக்கும். உனக்கு அந்த உரிமை இருந்தது என்று சொல்லாது. அவள் கோபத்தில் செய்தாள் என்று நாம் இரங்குகிறோம். பயத்தில் செய்திருப்பாள், அந்தப் பயம் சரியான கணிப்பாகவும் இருந்திருக்கும். 'நேரமிருந்ததா' என்று ஆராயும் நீதிபதி, அவள் அதற்கு முன் எத்தனை வாசல்களில் நின்று திரும்பினாள் என்பதையும் சாட்சியமாகப் பதிவுசெய்ய வேண்டும்.