தறியில் பழகிய கண்ணுக்கு நாலடி டைல்ஸ் பெரிதா?

“ரெண்டுக்கு நாலா? அதெல்லாம் நம்ம ஊர் பாத்ரூமுக்குச் சரிப்படாது சார். ஒண்ணுக்கு ஒண்ணரையே போட்டுக்கலாம், அழகா இருக்கும்.”

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் மேஸ்திரியிடம் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள் இந்தப் பேச்சை. அழகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பேசுவது பயம்! அகலம் 2 அடி, நீளம் 4 அடி, கனம் 9 மில்லிமீட்டர் என்றால் ஒரே டைல்ஸ் 15 கிலோவை நெருங்கும். தூக்கும்போது மூலை இடித்தால் போச்சு. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியேறி வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே கை நடுங்குகிறவன், வீட்டுக்காரர் தலையில் சின்ன டைல்ஸைக் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான். எதிலிருந்து தப்பித்தான்? கூடுதலாகக் கிடைத்திருக்கும் கூலியிலிருந்து!

தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். “இந்தத் தொழில் என்னோட போகட்டும்டா” என்று தறியில் உட்கார்ந்தபடியே அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நீ. இப்போது கட்டட வேலைக்குப் போகிறாய். ‘நமக்கு என்ன தெரியும், நாம் நெசவுக்காரன் பிள்ளைதானே’ என்று மேஸ்திரிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாய். உனக்கா ஒன்றும் தெரியாது?

உன் ஊர் ஆரணியின் பெருமை என்றால் மேடைப் பேச்சாளர்கள் 1782-இல் ஹைதர் அலி படையும் ஆங்கிலேயர் படையும் இங்கே மோதியதைச் சொல்லி ரத்தத்தைச் சூடேற்றப் பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். காலையில் உன் தெரு நெடுக விரித்துக் கட்டிய பட்டுப் பாவு போதும். அதன் ஒரு முனையில் நின்றவன்தானே நீ? ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றே ஒன்று அறுந்தாலும் அப்பா மிதியை நிறுத்திவிட்டு, குனிந்து, தேடி, முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த ஊடையை விட்டார். விட்டுவிட்டால் சேலை நெடுகக் கோடு விழும். பட்டு முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு அப்படிப்பட்ட கண்களால்தான் உண்டானது. அந்தக் கண் உன் முகத்திலும் இருக்கிறது. அதைத் திறந்து சுவரைப் பார்!

சுவரைத்தான் பார்க்கச் சொல்கிறேன், டைல்ஸை அப்புறம் பார்க்கலாம். சின்ன டைல்ஸ் சுவர் வளைந்தால் தானும் வளைந்து கொடுத்து, பூச்சு வேலையின் பிசகை மறைத்துவிடும். நாலடி டைல்ஸ் எவன் பிசகையும் மறைக்காது. 3 மீட்டர் நீள மட்டக்கோலைச் சுவரில் வை. கோலுக்கும் சுவருக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் ஒட்டாதே. மேட்டைச் செதுக்கு, பள்ளத்தைப் பூசு, காயவிடு, மறுபடி கோலை வை. “ஒட்டும்போது பசையில் சரிபண்ணிக்கலாம்” என்று சொல்கிறவனை நம்பாதே. கிளிப்பும் ஆப்பும் அடித்தால் எல்லாம் மட்டமாகிவிடும் என்பவனையும் நம்பாதே. அவை பக்கத்துப் பக்கத்து டைல்ஸின் விளிம்புகளை ஒரே மட்டத்தில் நிறுத்தும்; கோணல் சுவரை நிமிர்த்தாது.

அடுத்தது பசை. இங்கேதான் பல கெட்டிக்காரர்களும் கவிழ்கிறார்கள். அந்தக் காலத்து செராமிக் டைல்ஸைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, சிமெண்ட் பால் தடவி ஒட்டினார்கள். அது தண்ணீர் குடிக்கும் சரக்கு, பிடித்துக்கொண்டது. இன்றைய விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. வெறும் சிமெண்ட் அதன் முதுகில் பிடிக்க வழியே இல்லை. நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று உருண்டை உருண்டையாகக் கலவையை அப்பி அழுத்துகிறார்களே, அந்த வேலையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ‘டொக் டொக்’ என்று வெற்றிடம் கேட்கும். டவல் கம்பிக்கு டிரில் போடும் அன்று விரிசல். அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்த் தங்கும்.

பாலிமர் கலந்த டைல்ஸ் பசையை எடு. பல்லுள்ள கரணையால் சுவரில் ஒரே திசையில் வரி வரியாக இழு. டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடு. வைத்தபின், அந்த வரிகளுக்குக் குறுக்கே லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்து. வரிகள் படுத்து, காற்று வெளியேறும். தண்ணீர் புழங்கும் இடத்தில் டைல்ஸின் முதுகு 95 சதவீதமாவது பசையில் பதிந்திருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. பதிந்ததா என்று எப்படித் தெரியும்? முதல் டைல்ஸை ஒட்டிய கையோடு கழற்றிப் பார். “ஒட்டினதைப் பிடுங்குறான் பாரு” என்று பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான், சிரிக்கட்டும். அறுந்த இழைக்காகத் தறியை நிறுத்திய உன் அப்பாவைப் பார்த்தும் எவனாவது சிரித்திருப்பான்.

தரையில் மட்டும் நிதானி. பாத்ரூம் தரைக்கு உயிர் வாட்டம்: அடிக்குக் கால் அங்குலம். நாலு பக்கத்திலிருந்தும் நடுத்துளைக்கு வாட்டம் கொடுக்க ஒரு முழு நாலடி டைல்ஸால் முடியாது. மூலைவிட்டமாக அறுத்தால்தான் மடியும். அல்லது ஒரு சுவரோரமாக நீள வடிகால் வைத்து, தரை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்க்கலாம். இரண்டுக்கும் இடமில்லையென்றால் தரைக்கு வழுக்காத சின்ன டைல்ஸே போடு. இதைப் பயம் என்று எவனாவது சொன்னால் வாட்டம் என்றால் என்னவென்று அவனுக்கு விளக்கிச் சொல்.

ஒட்டுவதற்கு முன்னால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்ப்பதை எந்த அவசரத்திலும் விடாதே. நெசவாளர் வீட்டில் இதன் அருமை உனக்கே தெரியும். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது குழித்தறியின் குழி. பாத்ரூம் கசிவு சுவருக்கடியில் ஊர்ந்து அங்கே இறங்கினால் பாவு என்ன ஆகும்? இந்தக் கேள்வி வேறு ஊர் மேஸ்திரிக்குத் தோன்றாது, உனக்குத் தோன்றும்!

“வடக்கிலிருந்து வந்தவங்க வேலையெல்லாம் பிடிச்சுக்கிட்டாங்க” என்று டீக்கடையில் புலம்பாதே. ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உன் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. நீ வேண்டாமென்று கீழே வைத்த பெரிய டைல்ஸைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். வெட்கப்படாமல் அவர்களிடம் போய் நில். டைல்ஸை உறிஞ்சிப் பிடிக்கும் கப் இரண்டு வைத்துத் தூக்கும் விதத்தை, ஓரம் சிதறாமல் அறுக்கும் விதத்தைப் பார்த்துக் கற்றுக்கொள். டைல்ஸ் வேலை உலகப் போட்டி நடக்கும் வித்தை என்று உனக்கு யாராவது சொன்னார்களா? 2024-இல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த உலகத் திறன் போட்டியில் சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் பதிப்பது ஒரு தனிப் பிரிவு. 22 வயதைத் தாண்டாத பிள்ளைகள் இறங்கி மோதும் போட்டி அது.

தங்கச்சி, உனக்கும் சொல்கிறேன். இத்தனை வருஷமாகச் சித்தாளாகக் கலவை சுமக்கிறாய். பட்டு இழையைப் பிணைத்த விரலுக்குக் கரணை பிடிக்க வராது என்று யார் முடிவு செய்தது? இரண்டு டைல்ஸுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி பிசகாமல் ஓடவேண்டிய இடத்தில் தோள்பலம் எதற்கு? கேட்டு வாங்கு அந்தக் கரணையை. தரமாட்டேன் என்றால் கடையில் போய் நீயே ஒன்று வாங்கு!

கடைசியாகக் கூலி. உன் அப்பா தன் கூலியைத் தானே சொன்ன நாள் உண்டா? முதலாளி சொன்னார், அப்பா வாங்கிக்கொண்டு வந்தார். நீ அந்தப் பழக்கத்தை வேலைக்குக் கொண்டு போகாதே. “சதுர அடிக்கு என்ன?” என்று வீட்டுக்காரர் கேட்டால் தலையைச் சொறியாதே, “பார்த்துக் கொடுங்க” என்று குழையாதே. சுவரை மட்டம் பண்ண இத்தனை, தண்ணீர்த் தடுப்புக்கு இத்தனை, ஒட்டுவதற்கு இத்தனை என்று பிரித்து, காகிதத்தில் எழுதிக் கொடு. “இன்னொருத்தர் பாதிக்கே செய்யறேங்கறாரே” என்பார். சரி, அந்த இன்னொருத்தர் ஒட்டிய ஏதாவது ஒரு வீட்டிலும் நீ ஒட்டிய வீட்டிலும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல். விலையைக் குறைக்காதே. மட்டக்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அளவெடுக்கக் கிளம்பு. அவர் தட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்.